ஷேக் ஆன போட்டோவை சரிசெய்ய முடியுமா? கறுப்புக் கோடுகளில் ஒளிந்திருக்கும் கணக்கு

த்ரில்லர் படங்களில் அடிக்கடி வரும் சீன் அது. கன்ட்ரோல் ரூம், சுவர் முழுக்க ஸ்கிரீன், கீபோர்டு முன்னால் ஒரு இளைஞர். பின்னால் நிற்கும் போலீஸ் அதிகாரி, 'ஜூம் பண்ணு... இன்னும் கொஞ்சம் க்ளியர் பண்ணு' என்பார். நாலு தட்டு தட்டியதும், புகை மாதிரி இருந்த கார் நம்பர் பளிச்சென்று வந்து நிற்கும்.

விபத்து நடந்த தெருவில், கடைக்காரரிடம் கெஞ்சி சிசிடிவியை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நிஜம் தெரியும். நம்பர் பிளேட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கீற்று. எத்தனை ஜூம் பண்ணினாலும் அது பெரிய வெள்ளைக் கீற்றாக மாறுமே தவிர, எழுத்தாக மாறாது.

அப்படியென்றால் சினிமா காட்டுவது முழுப் பொய்யா? இல்லை. கலங்கிப்போன அந்தப் படத்துக்குள், எது எந்தத் திசையில், எத்தனை பிக்ஸல் நகர்ந்தது என்ற தகவல் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. 200 ஆண்டுகள் பழைய ஒரு கணக்கு அதை வெளியே எடுத்துவிடும். எதை மீட்கலாம், எது திரும்பி வரவே வராது என்பதையும் அதே கணக்கு சொல்லிவிடும். ஏஐ ஆப்கள் எல்லாப் படத்தையும் 'க்ளியர்' ஆக்கித் தரும் இந்தக் காலத்தில், இரண்டாவது தகவலுக்குத்தான் மதிப்பு அதிகம்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் என்ன நடக்கிறது?

போட்டோ என்பது ஒரு கணத்தின் பதிவு என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு சின்னக் கால இடைவெளியின் பதிவு. ஷட்டர் திறந்திருக்கும் வரை உள்ளே வரும் வெளிச்சத்தை எல்லாம் சென்சார் கூட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்துக்குள் காரோ, போனைப் பிடித்த கையோ நகர்ந்தால், நகர்ந்த ஒவ்வொரு நிலையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியும். இதுதான் மோஷன் பிளர்.

இரவில் ஒரு சாதாரண சிசிடிவி 1/25 விநாடி வரை ஷட்டரைத் திறந்து வைத்திருக்கலாம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், அந்த நேரத்தில் சுமார் 67 செ.மீ. நகர்ந்துவிடும். காரின் நம்பர் பிளேட் நீளமே 50 செ.மீ.தான், அதிலுள்ள எழுத்துகளின் கோட்டுத் தடிமன் வெறும் 10 மி.மீ. சாய்வாகப் பார்க்கும் கேமராவில் இந்த நகர்வு முழுசாகத் தெரியாது, ஆனாலும் எழுத்தைக் கரைத்துவிட அதில் ஒரு பங்கே போதும். நம்பர் பிளேட் படிப்பதற்கென்றே வைக்கும் கேமராக்கள் 1/1000 விநாடி மாதிரியான ஷட்டரையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கையும் பயன்படுத்துவது இதனால்தான். 1/1000 விநாடியில் அதே கார் நகர்வது 1.7 செ.மீ. மட்டுமே.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஷேக் ஆன படத்தில் தகவல் அழிந்துபோகவில்லை, கலந்துபோயிருக்கிறது. 16 பிக்ஸல் நகர்ந்திருந்தால், ஒவ்வொரு பிக்ஸலும் வரிசையாக 16 பிக்ஸல்களின் சராசரி. எந்த விதிப்படி கலந்தது என்று தெரிந்துவிட்டால், திருப்பிப் பிரிக்க முயற்சி செய்யலாம். சிக்கல் என்னவென்றால், 16 என்ற அந்த எண்ணை யாரும் நமக்குச் சொல்லித் தரமாட்டார்கள். படத்திடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

படத்துக்கும் ஈக்வலைசர் உண்டு

பிரான்ஸைச் சேர்ந்த ஜோசப் ஃபூரியர், இரும்பில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தவர். எப்படிப்பட்ட வளைகோட்டையும் எளிய அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று 1807-ல் அவர் சொன்னபோது, லாக்ராஞ்ச் போன்ற பெரிய கணித மேதைகளே ஏற்கவில்லை. 1822-ல் அது புத்தகமாக வந்தது. இன்று உங்கள் போனில் பாட்டு, போட்டோ, வீடியோ கால் எல்லாம் அந்த யோசனையின் மேல்தான் ஓடுகின்றன.

மியூசிக் ஆப்பில் ஈக்வலைசர் பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டை பேஸ், மிட், ட்ரெபிள் என்று பிரித்து, ஒவ்வொன்றும் எவ்வளவு இருக்கிறது என்று பட்டைகளாகக் காட்டும். ஃபூரியர் உருமாற்றம் படத்துக்கும் இதையேதான் செய்கிறது. வானம், சுவர் மாதிரி மெதுவாக நிறம் மாறும் பகுதிகள் பேஸ். தலைமுடி, எழுத்து விளிம்பு, சேலையின் ஜரிகை மாதிரி சட்டென்று மாறும் நுணுக்கங்கள் ட்ரெபிள். பாட்டுக்கு இல்லாத ஒரு கூடுதல் விஷயம், படத்தில் அலைகளுக்குத் திசையும் உண்டு.

இப்படிப் பிரித்ததை இன்னொரு படமாகவே வரையலாம். நடுவில் மெதுவான அலைகள், ஓரத்துக்குப் போகப் போக வேகமான அலைகள், எது பலமாக இருக்கிறதோ அங்கே வெளிச்சம். இதற்கு ஸ்பெக்ட்ரம் என்று பெயர். முதல்முறை பார்ப்பவர்களுக்கு இருட்டுச் சுவரில் டார்ச் அடித்த மாதிரிதான் இருக்கும். நடுவில் வெளிச்சம், சுற்றிலும் மங்கல். ஒன்றும் புரியாது.

ஆனால், ஷேக் ஆன ஒரு படத்தின் ஸ்பெக்ட்ரத்தைப் பாருங்கள். அந்த வெளிச்சத்தை வெட்டிக்கொண்டு, சம இடைவெளியில், இணையாக, கறுப்புக் கோடுகள் ஓடும். யாரோ ஸ்கேல் வைத்து அடித்த மாதிரி. படத்தில் அப்படி எந்தக் கோடும் இருக்காது.

கோடு எங்கிருந்து வந்தது?

இதைப் புரிந்துகொள்ள சாலையில் இருக்கும் ஜீப்ரா கிராஸிங் போதும். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. இதை போட்டோ எடுக்கும்போது போன் பக்கவாட்டில் நகர்கிறது என்று வையுங்கள். கொஞ்சம் நகர்ந்தால் பட்டைகள் வெளிறும். சரியாக ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்த அகலத்துக்கு நகர்ந்தால்? ஒவ்வொரு பிக்ஸலும் பாதி கறுப்பையும் பாதி வெள்ளையையும் பார்த்திருக்கும். எல்லாமே ஒரே சாம்பல். பட்டைகள் இருந்ததற்கான அடையாளமே இருக்காது.

இன்னும் நகர்ந்தால் வேடிக்கை. அந்த அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நகர்ந்தால் பட்டைகள் மங்கலாகத் திரும்பி வரும், ஆனால் தலைகீழாக. வெள்ளைப் பட்டைக்கு நேராக இருக்கும் பிக்ஸல், ஒரு வெள்ளைப் பட்டையையும் இரண்டு கறுப்புப் பட்டைகளையும் பார்த்திருக்கும். அதனால் வெள்ளை இருந்த இடம் கறுப்பாகவும், கறுப்பு இருந்த இடம் வெளுப்பாகவும் தெரியும். ஷேக் ஆன எழுத்தை உற்றுப் பார்த்து 'இது எட்டு மாதிரி இருக்கே' என்று சொல்வது ஏன் ஆபத்து என்பதற்கு இதுவே ஒரு காரணம்.

இரண்டு மடங்கு நகர்ந்தால் மறுபடி முழுச் சாம்பல். மூன்று மடங்கிலும் அதே. எந்த அலையின் நீளம் நகர்வுக்குள் மிச்சமில்லாமல் அடங்குகிறதோ, அந்த அலை படத்திலிருந்து மொத்தமாகத் துடைக்கப்படுகிறது. ஸ்பெக்ட்ரத்தில் அந்த இடங்கள் காலி. அந்தக் காலி இடங்கள்தான் நாம் பார்த்த கறுப்புக் கோடுகள்.

அளப்பது இப்போது சுலபம். 512-க்கு 512 பிக்ஸல் படம், ஸ்பெக்ட்ரத்தில் 32 பிக்ஸலுக்கு ஒரு கறுப்புக் கோடு என்றால், 512-ஐ 32-ஆல் வகுங்கள். நகர்வு 16 பிக்ஸல். கோடுகள் நெருக்கமாக இருந்தால் அதிக நகர்வு, விலகி இருந்தால் குறைந்த நகர்வு. திசையும் கிடைக்கும். கோடுகளுக்குச் செங்குத்தான திசையில்தான் அசைவு. படம் பக்கவாட்டில் ஷேக் ஆகியிருந்தால் கோடுகள் மேலிருந்து கீழாக நிற்கும். ஒரே ஒரு படம் போதும், ஷேக் ஆகாத ஒரிஜினல் தேவையில்லை.

காரின் வேகம் இதிலிருந்து வருமா?

வரும். பக்கவாட்டில் கடந்துபோகும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். வரிச் சலுகைக்காக 4 மீட்டருக்குள் முடிக்கப்பட்ட சின்ன கார்கள் நம் ஊரில் நிறைய. அப்படியொரு கார் படத்தில் 400 பிக்ஸல் நீளம் என்றால் ஒரு பிக்ஸல் சுமார் 1 செ.மீ. ஸ்பெக்ட்ரம் காட்டும் நகர்வு 20 பிக்ஸல், அதாவது 20 செ.மீ. ஷட்டர் திறந்திருந்தது 1/50 விநாடி. அப்படியானால் விநாடிக்கு 10 மீட்டர், மணிக்கு 36 கி.மீ. ரேடார் கன் இல்லாமல், ஒரு கலங்கிய படத்திலிருந்தே வேகம். நாம் குறை என்று நினைத்தது இங்கே ஸ்பீடோமீட்டர் ஆகிவிடுகிறது.

பேப்பரில் இருக்கும் அளவுக்கு ரோட்டில் சுலபம் இல்லை. கார் மட்டும்தான் நகர்கிறது, பின்னால் இருக்கும் கடை போர்டு நகரவில்லை. அதனால் கார் இருக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் கணக்குப் போட வேண்டும். ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும். வெளிச்சத்தைப் பொறுத்து கேமராக்கள் அதைத் தானாகவே மாற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், இதில்தான் பல கணக்குகள் சறுக்கும்.

லட்சம் கோடி கணக்கும், திருப்பிப் போட்ட சொல்லும்

ஸ்பெக்ட்ரம் என்றதும் நம் ஊரில் பலருக்கு 'லட்சம் கோடி'தான் ஞாபகம் வரும். இங்கேயும் ஒரு லட்சம் கோடி உண்டு. 1024-க்கு 1024 பிக்ஸல் படத்துக்கு ஃபூரியர் கணக்கை நேரடியாகப் போட்டால் சுமார் ஒரு லட்சம் கோடிப் பெருக்கல்கள் தேவை. 1965-ல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி என்ற இருவர் வெளியிட்ட 'எஃப்எஃப்டி' என்ற குறுக்குவழியில், அது சுமார் 2 கோடியாகச் சுருங்கிவிடும். உங்கள் போன் கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும் வேலை.

அதே டூக்கிக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் உண்டு. நிஜப் படங்களில் கறுப்புக் கோடுகள் அவ்வளவு பளிச்சென்று தெரியாது. கண்ணால் எண்ண முடியாதபோது என்ன செய்வது? கோடுகள் சம இடைவெளியில் வருகின்றன, அப்படியானால் அவையும் ஒரு அலைதானே! ஸ்பெக்ட்ரத்தின் லாகரிதத்தை எடுத்து, அதற்கே இன்னொருமுறை ஃபூரியர் போட்டால், சிதறிக் கிடந்த கோடுகளின் தடயம் எல்லாம் ஒரே புள்ளியில் குவியும். நடுவிலிருந்து அந்தப் புள்ளி இருக்கும் தூரம்தான் நகர்வின் நீளம்.

டூக்கியும் போகர்ட், ஹீலி என்ற இருவரும் 1963-ல் இந்த உத்தியைச் சொன்னது போட்டோவுக்காக அல்ல, நில அதிர்வுப் பதிவுகளில் எதிரொலியைக் கண்டுபிடிக்க. ஆங்கிலத்தில் 'ஸ்பெக்ட்ரம்' என்ற சொல்லின் முதல் நான்கு எழுத்தைத் திருப்பிப் போட்டு 'செப்ஸ்ட்ரம்' என்று பெயரும் வைத்தார்கள். விளையாட்டாக வைத்த பெயர், இன்றும் பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

அளந்தாச்சு. சரிசெய்யலாமா?

கலந்த விதி தெரிந்துவிட்டது. இனி ஸ்பெக்ட்ரத்தில் ஒவ்வொரு அலையும் எவ்வளவு குறைக்கப்பட்டதோ, அவ்வளவு கூட்டிவிட்டால் பழைய படம் வந்துவிட வேண்டும். ஒரு அலை பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தால் பத்தால் பெருக்கு. நூறில் ஒரு பங்கென்றால் நூறால் பெருக்கு.

பிரச்னை இங்கேதான். கேமரா சென்சாரில் எப்போதும் கொஞ்சம் இரைச்சல் இருக்கும். இரவில் எடுத்த படத்தில் மணல் தூவிய மாதிரி தெரியுமே, அது. நூறால் பெருக்கும்போது அந்த மணலும் நூறு மடங்காகும். கறுப்புக் கோட்டின் மேல் இருக்கும் அலைகளோ பூஜ்யம். பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அங்கே இருந்தது போனது போனதுதான்.

அமெரிக்கக் கணித அறிஞர் நார்பர்ட் வீனர் 1949-ல் வெளியிட்ட முறை இதற்கு ஒரு சமரசம் சொல்கிறது. சிக்னல் பலமாக இருக்கும் அலைகளை முழுசாகத் தூக்கு, இரைச்சல் ஆதிக்கம் செலுத்தும் இடத்தில் கையை வைக்காதே. இதில் கிடைக்கும் படம் சினிமாவில் வரும் மாதிரி பளபளக்காது. விளிம்புகளைச் சுற்றி நிழல் வளையங்கள் தெரியும். ஆனால் அதில் தெரிவது கேமரா பார்த்ததிலிருந்து வந்தது.

2011-ல் அடோபி நிறுவனம் தன் வருடாந்திர மாநாட்டில், ஷேக் ஆன படங்களைச் சரிசெய்யும் ஒரு முயற்சியை மேடையில் செய்து காட்டியது. அரங்கமே 'ஆ' என்றது. வீடியோ இணையம் முழுக்கப் பரவியது. பிறகு அடோபியே ஒரு விளக்கம் கொடுத்தது: காட்டிய படங்களில் ஒன்று நிஜமாக ஷேக் ஆனது அல்ல, தெளிவான படத்தை கம்ப்யூட்டரில் கலங்க வைத்தது. அந்த வித்தியாசம் பெரியது. கம்ப்யூட்டரில் கலக்கும்போது விதி துல்லியம், இரைச்சல் சேர்வதில்லை. கை நடுங்கும்போது அப்படி இல்லை. போன் நேர்கோட்டில் நகராது; வளையும், சுழலும். படத்தின் ஒரு மூலையில் ஒரு விதி, இன்னொரு மூலையில் வேறு விதி. அழகான இணைகோடுகள் அங்கே உடைந்துபோகும்.

கடந்த 20 ஆண்டுகளில் இந்தத் துறையில் நடந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்தக் கோணல்மாணலான அசைவைக் கண்டுபிடிப்பதில்தான் போயிருக்கிறது. அதில் சென்னைக்கும் இடம் உண்டு. சென்னை ஐஐடி பேராசிரியர் ஏ.என்.ராஜகோபாலனும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா போன ராமா செல்லப்பாவும் சேர்ந்து தொகுத்த மோஷன் பிளர் நீக்கம் பற்றிய நூலை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் 2014-ல் வெளியிட்டது.

கறுப்புக் கோடே விழாமல் செய்தால்?

படம் எடுத்த பிறகு போராடுவதைவிட, எடுக்கும்போதே ஏமாற்றினால் என்ன என்று யோசித்தவர் நாசிக்கில் பிறந்த ரமேஷ் ரஸ்கர். 2006-ல் அவரும் அமித் அகர்வால், ஜாக் டம்ப்ளின் ஆகியோரும் ஒரு கேமரா செய்தார்கள். ஒரு போட்டோ எடுக்கும் நேரத்துக்குள் ஷட்டர் ஒரேயடியாகத் திறந்திருக்காது. 52 துண்டுகளாகப் பிரித்து, ஒழுங்கில்லாத ஒரு வரிசையில் திற, மூடு, மூடு, திற என்று படபடக்கும்.

ஜீப்ரா கிராஸிங்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஷட்டர் தொடர்ந்து திறந்திருந்ததால்தான் கறுப்பும் வெள்ளையும் சரிபாதியாகக் கலந்து சாம்பலானது. நடுநடுவே மூடினால் அந்தச் சரிபாதி குலைந்துவிடும். எந்த அலையும் முழுசாகத் துடைக்கப்படாது. ஸ்பெக்ட்ரத்தில் பூஜ்யக் கோடுகள் இல்லை, பெருக்கினால் படம் திரும்பி வரும். வெளிச்சத்தில் பாதி போய்விடும் என்பதுதான் அதற்கான விலை. இந்தத் துறையில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு அழகான யோசனை குறைவு.

ஏஐ காட்டுவது யாருடைய முகம்?

2022 அக்டோபரில் வந்த கூகுளின் பிக்ஸல் 7 போனில் 'போட்டோ அன்பிளர்' வந்தது. இன்று இதுமாதிரி ஆப்கள் ஏராளம். குடும்ப போட்டோவில் ஷேக் ஆன குழந்தை முகத்தைச் சரிசெய்ய அவை அருமையானவை. ஆனால் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஏஐ, பூஜ்யக் கோட்டைப் பார்த்து நிற்காது. அங்கே வழக்கமாக என்ன இருக்குமோ, அதை வரைந்து நிரப்பிவிடும்.

2023-ல் ரெடிட் பயனர் ஒருவர் செய்த சோதனை இதைக் காட்டியது. வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தை மானிட்டரில் வைத்து, இருட்டு அறையில் தூரத்திலிருந்து சாம்சங் போனில் படம் எடுத்தார். மானிட்டரில் இல்லாத பள்ளங்களெல்லாம் போட்டோவில் இருந்தன. நிலா எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் அங்கே பெரிய நஷ்டம் இல்லை. முகமும் நம்பர் பிளேட்டும் அப்படி இல்லையே. 2020-ல் 'பல்ஸ்' என்ற மென்பொருளிடம் ஒபாமாவின் சிறிய, பிக்ஸல் பிக்ஸலான படத்தைக் கொடுத்தபோது, அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் தெளிவாக வரைந்து கொடுத்தது.

இது நீதிமன்றம் வரை போய்விட்டது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம், கிங் கவுன்ட்டியில் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு. சம்பவத்தை ஒருவர் போனில் எடுத்த வீடியோவை, ஏஐ மென்பொருளால் மெருகேற்றி எதிர்தரப்பு தாக்கல் செய்தது. ஒரிஜினலில் இல்லாத விவரங்கள் அதில் சேர்ந்திருப்பதாக அரசுத் தரப்பு நிபுணர் சொன்னார். 2024 மார்ச்சில் நீதிபதி லெராய் மெக்கல்லோ அந்த வீடியோவைச் சாட்சியமாக ஏற்க மறுத்துவிட்டார். ஏஐ உள்ளே என்ன செய்கிறது என்று யாராலும் படிப்படியாகச் சொல்ல முடியவில்லை என்பது அதில் முக்கியமான காரணம். வீனர் முறையில் அந்தச் சிக்கல் இல்லை. எந்த எண்ணால் எதைப் பெருக்கினோம் என்று பேப்பரில் எழுதிக் காட்டலாம், எதிர்தரப்பு வக்கீலும் அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கலாம்.

உங்கள் கையில் அப்படியொரு வீடியோ இருந்தால்

முதலில், வாட்ஸ்அப்பில் வீடியோவாகவோ போட்டோவாகவோ அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கும்போது நுணுக்கமான அலைகளைத்தான் முதலில் தூக்கி எறியும். ஜேபெக் சுருக்கம் படத்தை 8-க்கு 8 பிக்ஸல் கட்டங்களாக வெட்டுவதால், அந்தக் கட்டங்களே ஸ்பெக்ட்ரத்தில் புதுத் தடயங்களைப் போட்டு, அசைவின் கோடுகளோடு குழப்பும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். பென் டிரைவ் இன்னும் நல்லது.

டிவிஆர் திரையைப் போனில் படம் பிடிப்பது அதைவிட மோசம். நம் கை அசைவும் திரையின் கட்டங்களும் சேர்ந்து, காரின் அசைவை அளக்கவே முடியாமல் செய்துவிடும். அன்பிளர் ஆப்பில் போட்டுப் பார்க்க ஆசையாக இருந்தால் காப்பி எடுத்துப் பாருங்கள், ஒரிஜினலைத் தொடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவோடு கொடுக்க வேண்டிய சான்றிதழில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பையும் கேட்கிறது. கோப்பில் ஒரு பிக்ஸல் மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

கடைசியாக, 'இந்த ஃப்ரேம்தான் க்ளியரா இருக்கு' என்று ஒன்றை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள். கார் பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகர்வின் நீளம் மாறும், கறுப்புக் கோடுகள் விழும் இடமும் மாறும். ஒரு ஃப்ரேமில் துடைக்கப்பட்ட அலை அடுத்த ஃப்ரேமில் உயிரோடு இருக்கலாம். கண்ணுக்கு உதவாத அந்த நாலைந்து விநாடிகள் மொத்தத்தையும், டிவிஆர் பழைய பதிவின் மேல் புதுப் பதிவை எழுதுவதற்குள் எடுத்து வையுங்கள்.